இல்லாத பெண்ணாடத்துக்காரி

ராஜாங்கம் தம் மனைவி பானுமதிக்குப் பதினெட்டாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். பீங்கான் பொம்மைகளுக்குக் கண்ணும் புருவமும் எழுதிச் சேர்த்த கூலியில் அவள் கட்டிய சீட்டுப் பணம் அது. தம் பீங்கான் பட்டறைச் சூளைக்குச் செங்கல் மாற்ற வேண்டும் என்று சொல்லித்தான் வாங்கினார். ஒரு செங்கல்கூட வந்து இறங்கவில்லை.

அதுவரைக்கும் ராஜாங்கம் யாரிடமும் கை நீட்டியவரில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, விருத்தாசலத்தில் அடுத்தவன் பட்டறையில் களிமண் மிதித்தவர். பிறகு சொந்தப் பட்டறை போட்டு, கரண்டுக்கான ஃப்யூஸ் கட்டை சுட்டு, வடநாடு வரைக்கும் லாரி ஏற்றியவர். அவருடைய மாடி வீட்டை அண்ணாந்து பார்க்காமல் அந்தத் தெருவில் யாரும் போக முடியாது. அந்த உயரத்துக்குக் கட்டியிருந்தார்.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஐம்பது தாண்டியதும் படுக்கையில் உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அலுப்பு என்று நினைத்தார். அடுத்த முறையும் அப்படியே. பானுமதி திரும்பிப் படுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. சூளைக்குக் காவல் என்று சாக்குச் சொல்லிக் கட்டிலைப் பட்டறைக்கே தூக்கிப்போய்விட்டார்.

சீட்டுப் பணம் போனது, ஜங்ஷன் பக்கத்து லாட்ஜில் மாதம் ஒரு நாள் வந்து உட்காரும் பரம்பரை வைத்தியரிடம். முகத்தைத் துண்டால் மறைத்துக்கொண்டு படியேறினார். வாலிபத்தில் செய்த தப்பு இது என்று வைத்தியர் அதட்ட, தலைகுனிந்து லேகியத்தை வாங்கி வந்தார். அதைத் தின்றதில் நெஞ்சு படபடத்ததுதான் மிச்சம்.

தனியாகப் படுப்பதும், துண்டு போர்த்தி எங்கோ போவதும் ஊர்க் கண்ணில் படாமல் இருக்குமா? அவரோடு களிமண் மிதித்த பழைய கூட்டாளி நடராசன் ஒரு நாள் டீக்கடையில் வாயைக் கிளறினான்.

"என்னா மொதலாளி, பெண்ணாடத்துல புதுசா ஒரு வூடு புடிச்சிருக்கியாமே? இந்த வயசுல தாங்குமா ஒடம்பு?"

கடையே சிரித்தது. இல்லையென்று சொல்ல வாயெடுத்த ராஜாங்கம், மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஒனக்கு எதுக்குடா அந்த வயித்தெரிச்சல்?" என்றவர் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். ஒடுங்கிக் கிடந்த நெஞ்சு அன்றைக்குத்தான் நிமிர்ந்தது. இல்லாத ஒருத்தி அவர் மானத்தைக் காப்பாற்றிவிட்டாள்.

பானுமதியின் மானம் அவர் நினைப்பிலேயே வரவில்லை. பொம்மைக்கு வண்ணம் தீட்டும் கொட்டகையில் அவளைப் பார்த்ததும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு மதியம் துணிப்பையோடு பட்டறைக்கு வந்து நின்றாள்.

"கருவேப்பிலங்குறிச்சிக்குப் போறேன், எங்க அண்ணன் வூட்டுக்கு. எம் பணத்தக் குடுங்க. கண்ணு நோவ எழுதிச் சேர்த்த காசுல அவளுக்குப் பொடவ எடுத்தது போதும்."

"எவளுக்கு?"

"அத நீங்கதான் சொல்லணும்."

அப்போதும் அவருக்குப் பொய்யே சுலபமாகத் தெரிந்தது. ஆனால் அவள் வாசலைத் தாண்டிவிட்டாள். பஸ் ஏறிவிட்டால் திரும்பமாட்டாள். ஓடிப்போய் லேகிய டப்பாவை அவள் முன்னால் நீட்டினார்.

"இதுக்குத்தான் போச்சு. பொம்பள எவளும் இல்ல. என்னால... முடியல பானு." சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடியலன்னா எங்கிட்ட சொல்ல வேண்டியதுதான? அதுக்கு ஊரே எம் மூஞ்சப் பாத்துச் சிரிக்க வுட்டீங்களே!" அவள் அழுதாள். அழுகைக்கு நடுவே சட்டென்று கேட்டாள்: "சாப்பிட வந்தா சொம்பு சொம்பா தண்ணி குடிக்கிறீங்க. கொல்லைக்கு ஓடிக்கிட்டே இருக்கீங்க. எங்க அண்ணனுக்குச் சக்கர வந்தப்ப இப்புடித்தான். என்னிக்காவது ரத்தம் குடுத்துப் பாத்தீங்களா?"

மறுநாள் அவளே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். டாக்டர் அவர் மகள் வயதுப் பெண். பானுமதிதான் விஷயத்தைச் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை. சோதித்ததில் சர்க்கரையும் பிரஷரும் தாறுமாறாக இருந்தன.

"சர்க்கரை ரத்தக் குழாயையும் நரம்பையும் கெடுக்கும் ஐயா. நிறைய பேருக்கு அது மொதல்ல இப்படித்தான் தெரியுது. பீடிய விடுங்க, தினம் நடங்க, மாத்திரைய நிறுத்தாதீங்க. இதுக்குன்னே தனியா மாத்திரை இருக்கு. இருதயத்தப் பாத்துட்டு நான் எழுதித் தரேன். நீங்களா கடையில வாங்கிடாதீங்க. சில நெஞ்சுவலி மாத்திரையோட சேர்ந்தா உயிருக்கே ஆபத்து. அந்த லேகியத்தத் தூக்கிப் போடுங்க."

சில மாதங்களில் கட்டில் வீட்டுக்குத் திரும்பியது. எல்லா நாளும் பழையபடி என்று சொல்ல முடியாது. ஆனால் பயம் போயிருந்தது. தோற்ற நாளிலும் பானுமதியின் பக்கத்திலேயே படுத்திருந்தார்.

லோடு பணம் கைக்கு வந்ததும் பதினெட்டாயிரத்தையும் அவளிடம் நீட்டினார். அவள் கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

"இது பாதிக் கடன்தாங்க. ஊரு பேசுனத யாரு திருப்புறது? டீக்கடையில போயி சொல்லிட்டு வாங்க. அப்புறம் வாங்கிக்கிறேன்."

கூப்பிடு தூரத்துக் கடைக்குப் போய்ச்சேர அன்று வெகுநேரம் ஆயிற்று. போனதுமே நடராசன் ஆரம்பித்தான்.

"பெண்ணாடம் சௌக்கியமா மொதலாளி?"

"பெண்ணாடத்துல எவளும் இல்லடா. நீ சொன்னதுக்கு நான்தான் தலையாட்டினேன். எனக்குச் சக்கர. அதுல ஆம்பளத்தனம் அடங்கிப்போச்சு. லாட்ஜு வைத்தியங்கிட்ட எம் பொண்டாட்டி சீட்டுக் காசக் கொண்டுபோயிக் கொட்டுனேன். இப்ப ஆஸ்பத்திரி மாத்திர. போதுமா?"

யாரோ சிரித்தார்கள். ராஜாங்கத்துக்குக் காது மடல் எரிந்தது. நடராசன் சிரிக்கவில்லை. அவர் கிளம்பியதும் பின்னாலேயே வந்து, "அந்த டாக்டரம்மா எப்ப இருப்பாங்க?" என்று தரையைப் பார்த்தபடி கேட்டான்.

பானுமதி வாசலில் நின்றிருந்தாள்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

அவள் உள்ளங்கையை விரித்தாள். நிமிர்ந்து பார்க்கக் கூசிய ராஜாங்கம், விரலில் எச்சில் தொட்டு ஒவ்வொரு நோட்டாக எண்ணி அதில் வைத்தார். கடைசி நோட்டு விழும்வரை அந்தக் கை விரிந்தே இருந்தது.