கணவனுக்கென்று எடுத்துவைத்த தண்ணீர்

தாங் லியாங்யூவின் வலது கை அகப்பையால் சோயாப் பாலை மெதுவாகச் சுழற்றும். இடது கை கசப்பு நீரைச் சொட்டுச் சொட்டாக விடும். பால் திரியத் தொடங்கியதும் பேச்சை நிறுத்திவிடுவாள். அவள் டோஃபுக் கடையில் சாப்பிட வந்தவர்கள் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். இரண்டு பிள்ளைகளை அம்மையில் பறிகொடுத்தவள். அதைப் பற்றியும் பேசமாட்டாள்.

வூதோங்சியாவில் உப்புக் கொட்டகைகள்தான் பிழைப்பு. கிணற்று உவர்நீரைக் காய்ச்சி உப்பை வாரியபின் அண்டாவில் கசப்பு நீர் மிஞ்சும். சோயாப் பாலை டோஃபுவாக உறைய வைக்க எல்லோரும் அதைத்தான் ஊற்றுவோம். ஜிப்சம் போட்டு உறைய வைத்தால் அது நோயாளித் தீனி என்று கொட்டகை ஆட்கள் தொடமாட்டார்கள்.

லியாங்யூவின் கணவன் கோ வென்ஷானும் உப்புக் காய்ச்சுகிறவன். நாள் முழுதும் அடுப்பருகே வெந்துவிட்டு வருவான். டோஃபு எடுத்தபின் பானையில் தெளிந்து நிற்கும் தண்ணீர் சூட்டைத் தணிக்கும் என்பார்கள். சாப்பிட வருகிறவர்களுக்கு அதில் ஒரு சின்னக் கிண்ணம் தருவாள். கணவனுக்கென்று ஒரு சட்டி நிறைய எடுத்து ஆற வைப்பாள்.

போர் நடந்த அந்த வருடங்களில் துவள் நோய் எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. முதலில் உதடு மரத்துப்போகும், வாந்தியும் பேதியும் வரும். பிறகு கால், கை, கழுத்து என்று வரிசையாகத் துவளும். புத்தி மட்டும் தெளிவாக இருக்கும். பலர் ஓரிரு நாளில் எழுந்து வேலைக்குப் போவார்கள். சிலர் எழுவதில்லை.

நான் நர்ஸாக வேலை பார்த்த மருத்துவமனையில் டாக்டர் ஃபாங் காரணத்தைச் சொல்லியிருந்தார். எங்கள் கிணறுகள் சிலவற்றில் பேரியம் சேர்ந்த ஓர் உப்பு இருந்தது. சாப்பாட்டு உப்பைப் போலவே வெள்ளை, அதைப் போலவே தண்ணீரில் கரையும். பார்த்துப் பிரிக்க முடியாது. உள்ளே போனால் தசையை முடக்கும். மூச்சுவிடும் தசைகள் முடங்கினால் ஆள் தப்புவதில்லை. பேதியுப்பைச் சந்தித்தால் மட்டும் அது கரையாத வெள்ளைப் பொடியாகி, உடம்பில் ஏறாமல் மலத்தோடு வெளியே போய்விடும்.

வென்ஷானுக்கு அந்த வசந்தத்தில் இரண்டு முறை வந்து போனது. மூன்றாவது முறை என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனபோது மதியம். அவனால் தலையைத் தூக்க முடியவில்லை, மூச்சு மேலோட்டமாக ஓடியது. லியாங்யூ அவன் வாயில் டோஃபுத் தண்ணீரைக் கரண்டியால் விட்டுக்கொண்டிருந்தாள். கரண்டியைப் பிடுங்கினேன்.

"காலையில இருந்து இதத்தான் குடுக்கறியா?"

"வேற எதுவும் தொண்டையில இறங்கலக்கா."

அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்குத் துணிமூட்டை அண்டக் கொடுத்தேன். பையிலிருந்த பேதியுப்பைக் கொதித்து ஆறிய நீரில் கரைத்து, அதில் கொஞ்சத்தை அந்தச் சட்டியில் ஊற்றினேன். தெளிந்திருந்த தண்ணீர் அரிசி கழுவிய நீர்போல வெளுத்தது. கிணற்று விஷம் கசப்பு நீரில் தங்கி, அதிலிருந்து டோஃபுத் தண்ணீருக்கும் வருகிறது என்று சொன்னேன்.

"நானும் இதத்தானே குடிக்கறேன்?" என்றாள்.

"நீ ஒரு வாய் குடிக்கற. இவருக்குச் சட்டி நிறைய வெக்கறியே."

"நல்லதுன்னுதான் வெச்சேன்."

அவன் தலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். விழுங்குகிறானா என்று தொண்டையைத் தொட்டுப் பார்த்துப் பார்த்து, பேதியுப்பு நீரைச் சிறுகச் சிறுகக் கொடுத்தோம்.

கொட்டகை மேஸ்திரி லியாவ், ஆள் ஏன் வரவில்லை என்று பார்க்க வந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் சிரித்தார். உப்பில் விஷமென்றால் இந்த ஊரில் ஆடுமாடுகூட மிஞ்சியிருக்காதாம். பிறகு லியாங்யூவின் பக்கம் திரும்பினார்.

"நர்ஸம்மா பேச்சக் கேட்டு ஜிப்சம் போட்டேன்னு வெய்யி, நம்ம ஆளுங்க ஒருத்தனும் உன் வாசப்படி மிதிக்கமாட்டான். படுத்துக் கெடக்கறவனுக்கு அப்புறம் எதப் போட்டுக் கஞ்சி காய்ச்சுவ?"

லியாங்யூ அவன் வாயோரத்தைத் துடைத்துவிட்டு அடுத்த கரண்டியை எடுத்தாள். பேதி தொடங்கியதும் துணி மாற்றுவதும் துவைப்பதுமாகப் பொழுது போயிற்று. எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. அவள் நின்றபடியே கண்ணயர்ந்தாள்.

விளக்கேற்றும் வேளையில் அவன் விரல் அசைந்தது. மூச்சும் ஆழமாயிற்று. சற்றுப் பொறுத்துக் குரல் வந்தது.

"தண்ணி குடு."

"எந்தத் தண்ணி?"

"எனக்குன்னு வெப்பியே."

"அது இனிமே கெடையாது."

"ரெண்டு வேள படுத்தா வீட்டுல ஆட்சி மாறிடுதா?" என்றான் வென்ஷான்.

"மாறிடுச்சு. வாயத் தொற" என்று கரண்டியை நீட்டினாள்.

மறுநாள் காலையில் நான் நாடி பார்க்கப் போனபோது, கசப்பு நீர் ஜாடியைப் பன்றி எட்டாத குழியில் கவிழ்த்துச் சாம்பலும் மண்ணும் போட்டு மூடியிருந்தாள். ஜிப்சத்தைச் சுட்டு இடித்து முதல் பானையில் கலந்தாள். உறையாமல் கூழாகிப் போயிற்று. இரண்டாவது ஒருவழியாக நின்றது. கொட்டகை ஆட்கள் கரண்டியால் குத்திப் பார்த்தார்கள். பாதிப் பேர் எதிர்க் கடைக்குப் போனார்கள். மீதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டே மிளகாய் விழுதை அள்ளிப் போட்டுத் தின்றார்கள். லியாங்யூ கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அடுத்த நாளுக்குச் சோயாவை ஊறப்போட்டாள், வழக்கத்தில் பாதி.