தங்கையின் தண்ணீர்க் கடிகாரம்

ஆறாம் வகுப்பு படிக்கும் என் தங்கை, வரலாற்றுப் புத்தகத்தில் பார்த்த தண்ணீர்க் கடிகாரத்தை மறுநாள் வகுப்பில் ஓட்டிக்காட்ட வேண்டும். பாட்டிலின் அடியில் ஊசியால் துளை போட்டாள். கோடு போடுவது என் பொறுப்பு. நான் தையற்காரி. டேப் வைத்து, நூல் பிசகாமல் அரை அங்குலத்துக்கு ஒன்றாக எட்டுக் கோடுகள் போட்டேன்.

ஓட்டிப் பார்த்தோம். முதல் கோட்டிலிருந்து இரண்டாவது கோட்டுக்கு இறங்க நாலு நிமிடம் ஆனது. ஏழாவதிலிருந்து கடைசிக் கோட்டுக்கு ஒன்பது.

“அக்கா, உன் கோடு தப்பு.”

“என் கோட்டையா சொல்றே? வாய்க்கொழுப்புடி உனக்கு! துளை அடைச்சிருக்கும்.”

துளையைக் குத்திவிட்டு மறுபடி ஓட்டினோம். அதே கதைதான். பாட்டிலையே உற்றுப் பார்த்தவள் சொன்னாள்: “நிறைய தண்ணி இருந்தா மேலேருந்து அழுத்துதுக்கா. குறையக் குறைய மெதுவா வருது.”

என் கோடுகளை அழித்தாள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் நின்ற இடத்தில் கோடு போட்டாள். மேலே அகலமாகவும் கீழே நெருக்கமாகவும் வந்தன. சரிசெய்ய எனக்குக் கை பரபரத்தது, தொடவில்லை.

மறுநாள் பீரியட் தொடங்கியதும் ஓடவிட்டாளாம். கடைசிக் கோட்டுக்குத் தண்ணீர் இறங்கவும் பீரியட் மணி அடிக்கவும் சரியாக இருந்ததாம்.

“இது வரலாறா, அறிவியலா, கணக்கான்னு டீச்சர் கேட்டாங்கக்கா.”

“நீ என்ன சொன்னே?”

“மூணுலேயும் மார்க் போடுங்க டீச்சர்னு சொன்னேன்.”