மாவடிப்பள்ளி ரோட்டில் விட்டுப்போன கற்கள்

மகள் ரிஸ்னாவுக்குச் சம்மாந்துறையில் வேலை கிடைத்தது சந்தோஷமான செய்தி. அங்கே சைக்கிளில்தான் போவேன் என்று அவள் சொன்னது என் தூக்கத்தைக் கெடுத்த செய்தி. திங்கட்கிழமை வேலை தொடக்கம். அதற்கு முந்திய சனிக்கிழமை சாய்ந்தமருதில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அவளுடைய அலுவலகம் வரை இருவரும் ஒரு தடவை ஓடிப் பார்ப்பது, பிறகு நான் முடிவு சொல்வது என்று பேசிக்கொண்டோம். அப்படித்தான் ஆகஸ்ட் வெயிலில் இந்தச் சின்னப் பயணம் நடந்தது.

முப்பது வருடமாகச் சைக்கிள் ஓடுகிறவன் நான். பொத்துவிலுக்கும் மட்டக்களப்புக்கும் ஓடிய கதைகளை நான் இந்தப் பக்கத்தில் எழுத, அதை வாசித்துவிட்டு, பிள்ளைகளையும் கூட்டிவரலாமா என்று கேட்டவர்களுக்கெல்லாம் "தாராளமாக" என்று பதில் எழுதியவன். சொந்தப் பிள்ளை என்று வந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. மனைவி சும்மா இருப்பாளா? "ஊருக்கெல்லாம் சைக்கிள் ஓடச் சொல்ற மனுசன், ஊட்டுப் புள்ளைக்கு மட்டும் ஓட்டோ பிடிக்கச் சொல்றார்" என்றாள்.

அஸர் தொழுதுவிட்டுப் பின்னேரம் 3.50க்குப் புறப்பட்டோம். அவளுக்குப் புதுத் தலைக்கவசம் 6,500 ரூபாய், பின்விளக்கு 1,200 ரூபாய். அவள் முன்னால், நான் பத்து மீற்றர் பின்னால். காரைதீவுச் சந்தி வரை 2.3 கிலோமீற்றர்தான், ஆனால் என் உயிர் அதற்குள் நாலு தடவை போய்வந்தது. எங்கள் பெரிய ரோட்டில் பஸ் உங்களை முந்திக்கொண்டு போய், உங்களுக்கு முன்னாலேயே ஆளை இறக்க நிறுத்தும். ஓட்டோ எந்தக் கணத்திலும் திரும்பும். நிறுத்திய வான் வண்டியின் கதவு திடீரென்று திறக்கும். நான் பின்னாலிருந்து "ஓரம்! ஓரம்!" என்று கத்திக்கொண்டே போனேன். சந்தியில் அவள் காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தாள்.

"வாப்பா, பஸ்ஸுக்கு நான் பயப்படல்ல. நீங்க கத்துறதுக்குத்தான் திடுக்குறன்."

எனக்கு யாரும் பின்னால் நின்று கத்தவில்லை. நான் முதலில் ஓடிய சைக்கிள் என் வாப்பாவுடையது. பின்னால் மீன்பெட்டி கட்டிய உயரமான வண்டி. அவர் கரையில் மீன் எடுத்துச் சம்மாந்துறைப் பக்கம் கொண்டுபோய் விற்றவர். எனக்குப் பதினெட்டு வயதில் அவருடைய கால் ஏலாமல் போனது. கட்டிலில் இருந்தபடியே சைக்கிள் பூட்டின் திறப்பை என் கையில் தந்து, "இனி நீ ஓடு மகன். ரோட்டப் பாத்து ஓடு" என்றார். முதல் மாதத்தில் இரண்டு தடவை வாய்க்காலுக்குள் விழுந்தேன். ஒரு தடவை மாட்டோடு மோதி, மீனெல்லாம் ரோட்டில் சிதறியது. லொறி வருகிற சத்தம் கேட்டால் இறங்கி நின்றுவிடுவேன். அப்படிப் பயந்து பயந்து பழகிய தொழில்தான் பிறகு பைத்தியமாகிவிட்டது.

சந்தியிலிருந்து மேற்கே திரும்பினால் கச்சான் என்கிற மேற்குக் காற்று முகத்தில் அடிக்கும். வேகம் மணிக்குப் பன்னிரண்டு கிலோமீற்றருக்கு மேல் ஏறவில்லை. சிறுபோக நெல் வெட்டு முடிந்த நாட்கள் என்பதால் மாவடிப்பள்ளியைத் தாண்டியதும் ரோட்டில் பாதி நெல்லாகக் கிடந்தது. வெளியூர் ஆட்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் பக்கம் தார் ரோட்டுச் சூட்டில்தான் நெல் காயும். படங்கு என்கிற தார்ப்பாயை விரித்து, நெல்லைப் பரப்பி, வாகனம் ஏறாமலிருக்க விளிம்பில் தலையளவு கற்களை வரிசையாக வைத்துவிடுவார்கள். சைக்கிள்காரன் நடு ரோட்டுக்குத் தள்ளப்படுவான். நடு ரோட்டில் டிப்பர் வரும்.

"ஓரம்!" என்றேன் பழக்கதோசத்தில்.

"எந்த ஓரத்துக்குப் போற? ஓரத்தில நெல்லு கிடக்கு!"

சைக்கிள் மீற்றரில் 6.1 கிலோமீற்றர் வரும்போது ஒரு மதகு. அந்த இடத்தில் நான் எப்போதும் பிரேக்கைப் பிடிப்பேன். அன்று இறங்கியே நடந்தேன். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். அது பணத்துக்கு மட்டும் சொன்னதல்ல.

4.41க்கு அலுவலக வாசலைத் தொட்டோம். 8.7 கிலோமீற்றர், 51 நிமிடம். பக்கத்துத் தேநீர்க் கடையில் இரண்டு பிளேன்டி, இரண்டு ரொட்டி, 320 ரூபாய். சைக்கிள் வேண்டாம் என்று அவளிடம் சொல்ல வசனம் தேடியே நேரத்தைக் கடத்தினேன். 5.50க்குத்தான் திரும்பினோம். இப்போது காற்று முதுகில். 6.02க்கு அதே மதகடி. நெல்லை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கற்கள் மட்டும் வெறும் ரோட்டில் வரிசையாக இருந்தன.

மஃரிப் தொழுகைக்கு இருபது நிமிடம்கூட இல்லை. "நேரமாகுது, வா போவம்" என்றேன். அவள் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, குனிந்து முதல் கல்லைப் புரட்டத் தொடங்கிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஒருவர் மோட்டார்சைக்கிளில் வந்தார். நெல்லின் சொந்தக்காரர். மறந்துவிட்ட படங்கை எடுக்க வந்திருக்கிறார். நாற்பது வயதிருக்கும்.

"என்ன புள்ள, கல்ல எல்லாம் தள்றீங்க? நாளைக்கும் காயப்போடணுமே."

"நாளைக்கு வையுங்க மாமா. இண்டைக்கு இருட்டினாப் பொறகு வாற ஆளுக்கு இது தெரியாதே."

"இவ்வளவு நாளும் ஒண்டும் நடக்கல்லியே."

"நடந்தது தம்பி" என்றேன். என் வாயிலிருந்து அது வரும் என்று நானே நினைக்கவில்லை. "இந்த மதகடியிலதான் என்ட வாப்பா உழுந்தார். அந்தக் கல்ல வச்சவன் நான்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். ரோட்டில் நின்றபடியே சொல்லிமுடித்தேன். அது நோன்பு மாதம், வெட்டுக் காலம். அந்த இடத்தில் ஒருவருடைய நெல்லைக் கிளறி அள்ளுகிற கூலி வேலை எனக்கு. அள்ளி முடியும்போது நோன்பு திறக்கிற நேரம் நெருங்கிவிட்டது. மூட்டையோடு ட்ரக்டரில் ஏறிக்கொண்டேன். கற்கள் நாளைக்கும் தேவைதானே என்று விட்டுவிட்டேன். வாப்பா மீன் விற்றுவிட்டு, வழிப் பள்ளியில் நோன்பு திறந்து, இருட்டில் வந்தார். கல்லில் மோதி விழுந்து முழங்கால் சிதறிப்போனது. அதற்குப் பிறகு அவர் சைக்கிளில் ஏறவேயில்லை.

பார்க்க வந்தவர்கள் கல் வைத்தவனைத் திட்டித் தீர்த்தார்கள். வாப்பா மட்டும், "உடுங்க. நோம்பு திறக்க ஓடின அவசரமா இருக்கும். அல்லாஹ் மன்னிக்கட்டும்" என்பார். நான் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் கண்மூடி மௌத்தாகும் வரை நான் வாய் திறக்கவில்லை.

நெல்லுக்காரர் மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டு மற்றப் பக்கத்துக் கல்லிலிருந்து தொடங்கினார். மூவருமாக இருபத்திரண்டு கற்களையும் வாய்க்கால் கரைக்குத் தள்ளினோம். பாங்கு கேட்டது. கடைசிக் கல்லைத் தள்ளிவிட்டு ரிஸ்னா கையைத் தட்டிக்கொண்டு கேட்டாள். எங்கள் பக்கம் அப்பா என்றால் பாட்டன்.

"அண்டைக்கு நீங்க இங்க வேல செஞ்சது அப்பாக்குத் தெரியாதா, வாப்பா?"

"தெரியாமலா? லுஹர் தொழுதுட்டு மீன் கொண்டுபோற வழியில அவர்தானே என்ன சைக்கிள் பார்ல வச்சு இதுல கொண்டுவந்து இறக்கி உட்டார்."

சொல்லிமுடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. மதகுக் கட்டில் இருந்துவிட்டேன். முப்பது வருடமாக நான் ஒளித்துவைத்ததை அவர் விழுந்த அன்றே அறிந்திருந்தார். அறிந்துகொண்டுதான் திறப்பை என் கையில் தந்தார். நான் அழுதேன். நெல்லுக்காரர் படங்கைச் சுருட்டுவது போல மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இந்த ரோட்டில் ஓட நினைப்பவர்களுக்கு: வெட்டுக் காலத்தில் காலை ஒன்பதுக்கு முன் போய்விடுங்கள், அதற்குப் பிறகு நெல் பரப்பத் தொடங்குவார்கள். பின்னேரம் என்றால் ஆறு மணிக்கு முன் மதகைத் தாண்டுங்கள். முன்விளக்கைத் தூரத்துக்குப் பிடிக்காமல் சக்கரத்துக்கு முன்னால் நாலு மீற்றரில் விழும்படி வையுங்கள். மாரியில் ரோட்டுக்கு மேலால் தண்ணீர் பாய்ந்தால் திரும்பிவிடுங்கள், எந்த வாகனத்திலும் கடக்கப் பார்க்காதீர்கள். கல் கிடந்தால் இறங்கித் தள்ளிவிடுங்கள். மூன்று பேருக்குப் பன்னிரண்டு நிமிடம்தான் ஆகிறது.

திங்கட்கிழமை காலை 6.40க்கு ரிஸ்னா சைக்கிளை வெளியில் எடுத்தாள். சொல்வதற்கு நூறு புத்தி என்னிடம் இருந்தது. "ரோட்டப் பாத்து ஓடு மகள்" என்று மட்டும் சொன்னேன். 7.29க்கு "வந்துட்டன்" என்று செய்தி வந்தது. அதுவரைக்கும் கேற்றடியிலேயே நின்றேன்.