பேரணாம்பட்டு பஸ்ஸும் பணக்கார வரியும்

அந்த வாரம் நடந்தவை, நடந்த வரிசையில்:

1. திங்கட்கிழமை மதியம், எங்கள் கம்பெனி கேன்டீன் டிவியில் ஒரு தேசியத் தலைவர் பேசினார். பெரும் சொத்து வைத்திருப்பவர்கள்மேல் தனியாக வரி போட வேண்டும் என்றார்.
2. அவர் கட்சிக்காரர்கள் சாப்பாட்டுத் தட்டைத் தட்டி ஓசை எழுப்பினார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் ரிமோட்டைத் தேடினார்கள்.
3. செவ்வாய்க்கிழமை, கம்பெனி பஸ்ஸின் ரூட்டை மாற்றக் கேட்டு நிர்வாகத்துக்குப் போக வேண்டிய எங்கள் கடிதத்தில் அந்தத் தலைவரின் பேச்சைப் பாராட்டி ஒரு வாக்கியம் புதிதாகச் சேர்ந்திருந்தது.
4. புதன்கிழமை, அந்த வாக்கியம் இருக்கும்வரை கையெழுத்துப் போட மாட்டோம் என்று, கம்பெனியின் இரண்டு தொழிற்சங்கங்களில் எதிர்க்கட்சியைச் சேர்ந்தது சொல்லிவிட்டது.
5. கடிதம் கொடுக்கக் கடைசி நாள் சனிக்கிழமை.

நான் ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில், தரப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறேன். தோலை இழுத்துப் பார்ப்பது, ஆயிரக்கணக்கான முறை மடக்கிப் பார்ப்பது, நனைத்துப் பார்ப்பது, கிழிந்தால் எங்கே கிழிந்தது என்று எழுதி வைப்பது. கம்பெனி பஸ் பேரணாம்பட்டு பஸ் ஸ்டாண்டில் இருந்து கிளம்பும். எனக்கு அது வசதி. அதற்கு அப்பால் உள்ள கிராமத்துப் பெண்களுக்கு இல்லை. அவர்கள் இருட்டு விலகும் முன்பே வீட்டை விட்டுக் கிளம்பி, ஏரிக்கரை வழியாக நடந்து பஸ் ஸ்டாண்டுக்கு வருவார்கள்.

அப்படி வருபவர்களில் தையல் பிரிவு அக்கா ஒருவர். ஷூவின் முன்பக்கத் தையலில் அவர் அளவுக்குக் கை ஓடுகிறவர் எங்கள் கம்பெனியில் இல்லை. அவருக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகியிருந்தது. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே ஒருநாள் என்னிடம் சொன்னார்: "பஸ் ஊருக்குள்ள வந்தா வர்றேன். இல்லனா இந்த மாசத்தோட நின்னுடறேம்மா. கால் கேக்கல."

பஸ் ஒப்பந்தம் அடுத்த மாதம் புதுப்பிக்கப்பட இருந்தது. மேனேஜர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். "ரெண்டு சங்கமும் ஒரே லெட்டர்ல கையெழுத்துப் போட்டு சனிக்கிழமைக்குள்ள குடுங்க, ரூட்ட மாத்திடறேன். தனித்தனியா வந்தீங்கன்னா யார் பேச்சக் கேக்கறது?"

இரண்டு சங்கத் தலைவர்களும் ஒரே மேசையில் எதிரெதிரே நின்று தோலுக்குத் தரம் போடுகிறவர்கள். ஒருவர் மீசைக்காரர். திங்கட்கிழமை தட்டைத் தட்டியவர், கடிதத்தில் வாக்கியம் சேர்த்தவர், இவர்தான். மற்றவர் கண்ணாடிக்காரர். ரிமோட்டைத் தேடியவர். இருவரையுமே நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

புதன்கிழமை கேன்டீனில் கண்ணாடி அண்ணன் ஆரம்பித்தார். "இன்னிக்கு பணக்காரன் சொத்துன்னுவான். நாளைக்கு என் ஊட்டு எருமைய கணக்கெடுக்க வருவான்."

"உன் எருமை பெரும் சொத்தா?" என்றார் மீசை அண்ணன். "அது பால் குடுத்தே ரெண்டு வருசம் ஆவுது."

சுற்றி இருந்தவர்கள் சிரித்ததும் கண்ணாடி அண்ணனுக்குக் கோபம் ஜாஸ்தியானது. "முதலாளி மேல கைய வெச்சா கம்பெனிய தூக்கினு ஆந்திரா போய்டுவான். அப்பறம் நீ பாலாத்துல உக்காந்து மணல் எண்ணுடா."

"முதலாளியே சும்மா கீறாரு. அவருக்கு இல்லாத பேஜாரு உனக்கு இன்னாடா?"

பக்கத்து மேசையில் இருந்து அக்கா, தயிர் சாதத்தில் இருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "பணக்காரன அப்பறமா புடிங்க. மொதல்ல பஸ்ஸ புடிச்சுக் குடுங்க."

என் கருத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அந்த வரி வந்தால் நல்லது என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் அதைப் பஸ் கடிதத்தில் எழுதியிருக்க மாட்டேன்.

நான் முதலில் செய்தது எதுவும் பலிக்கவில்லை. அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டுப் புதுக் கடிதம் டைப் செய்து கொண்டுபோனேன். "அத எடுத்தா நான் சொன்னது தப்புன்னு ஆயிடும். முடியாது" என்றார் மீசை அண்ணன். சங்கத்துக்கு ஒன்றாக இரண்டு கடிதம் எழுதி ஒன்றாகப் பின் அடித்தால் போதுமா என்று மேனேஜரிடம் கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தலையை ஆட்டி மறுத்தார்.

தரம் போடும் மேசையில் இரண்டு பழக்கங்கள் உண்டு. தோல் பதனிடும் டேனரிகளில் இருந்து வரும் தோலின் அடிப்பக்கத்தில் அந்தந்த டேனரியின் முத்திரை இருக்கும். ஒரு டேனரி மாமன் வேலை செய்யும் இடமாக இருக்கலாம், இன்னொன்று ஆகாதவன் இடமாக இருக்கலாம். அதனால் மேல்பக்கத்தை மட்டும் பார்த்து, சாக்பீஸால் ஒன்று, இரண்டு, மூன்று அல்லது ரிஜெக்ட் என்று போட்ட பிறகுதான் தோலைத் திருப்ப வேண்டும். இது முதல் பழக்கம். போட்ட தரத்தை அழிக்கக் கூடாது என்பது இரண்டாவது. இந்த இரண்டிலும் தாங்கள் ஒருநாளும் தவறியதில்லை என்பதுதான் அண்ணன்கள் இருவருக்கும் இருந்த பெரிய பெருமை.

வியாழக்கிழமை, பரிசோதனை முடித்துக் கழித்த தோல் துண்டுகளில் ஆறை எடுத்துக்கொண்டேன். இரு கட்சித் தலைவர்களும் பல வருடங்களாக வரி பற்றிப் பேசியவற்றைப் போனில் தேடிப் படித்தேன். ஒரு துண்டுக்கு ஒரு கருத்தாக, என் சொந்த நடையில், மேல்பக்கத்தில் பேனாவால் எழுதினேன். அடிப்பக்கத்தில் சொன்னவரின் கட்சி நிறத்தில் ஒரு பொட்டு வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, லோடு வரும் முன் அவற்றை மேசையில் பரப்பினேன்.

"இன்னாம்மா இது?"

"தரம் போடுங்கண்ணா. வழக்கம்போல."

விளையாட்டுதானே என்று இருவரும் சாக்பீஸை எடுத்தார்கள். முதல் இரண்டு துண்டுகளில் எது யார் கட்சிப் பேச்சு என்று சரியாகவே கண்டுபிடித்துவிட்டார்கள். என் திட்டம் அதோடு முடிந்தது என்றே நினைத்தேன். மூன்றாவது, தொழில் வளரப் பெரிய முதலாளிகளுக்கு வரியைக் குறைக்க வேண்டும் என்பது. மீசை அண்ணன் யோசிக்கவே இல்லை. ரிஜெக்ட் போட்டார். "இது அவனுங்க சரக்கு. வாசனையே சொல்லுது."

திருப்பினார். அவர் கட்சியின் பொட்டு.

கண்ணாடி அண்ணன் மேசையில் அடித்து அடித்துச் சிரித்தார். சிரித்த கையோடு நான்காவது துண்டுக்கு ரிஜெக்ட் போட்டார். பெரிய சொத்துக்காரர் கூடுதலாகக் கொடுத்தால்தான் சின்னவர் தலையில் சுமை இறங்கும் என்பது அது. பழைய தேர்தல் ஒன்றில் அவருடைய தலைவரே பேசியது. திருப்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

மீசை அண்ணன் மெதுவாகத் துணியை எடுத்துத் தன் சாக்பீஸ் குறியின்மேல் வைத்தார். கண்ணாடி அண்ணன் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அழிக்கறியா மச்சான்? நீயா?"

வாரம் முழுக்க "டா" போட்டுக்கொண்டிருந்தவர் "மச்சான்" என்றது மேசையைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்டது. துணி கீழே போனது.

"லேப் பொண்ணு நம்மளயே டெஸ்ட் பண்ட்டா" என்றார் மீசை அண்ணன். பிறகு என்னைப் பார்த்துக் கொஞ்சம் கடுமையாகவே சொன்னார்: "எங்காளு இப்ப பேசனது கரெக்ட்தான். அதுல மாத்தம் இல்ல."

"சரிண்ணா. எனக்கும் அது கரெக்ட்தான். ஆனா பஸ் அதுக்கா வருது?"

கையை நீட்டினார். நான் டைப் செய்த புதுக் கடிதத்தைக் கொடுத்தேன். அதைத் தோலைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பிடித்து, மேலிருந்து கீழ்வரை படித்தார். பஸ்ஸைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டார்.

"உன் பேர் மேல, என் பேர் கீழயா?" என்று கண்ணாடி அண்ணன் ஆரம்பிக்கப் பார்த்தார். அதற்காகவே இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே மட்டத்தில் போட்டு வைத்திருந்தேன். அதைக் காட்டினேன். அவரும் போட்டார்.

சனிக்கிழமை காலையிலேயே கடிதம் மேனேஜர் மேசைக்குப் போய்விட்டது.

புது ஒப்பந்தத்தின் முதல் நாள், பேரணாம்பட்டு பஸ் ஸ்டாண்டில் நான் நின்றிருந்தேன். பஸ் கிராமத்துப் பக்கம் இருந்து வந்தது. முகப்பில் சாமந்தி மாலை, கண்ணாடியில் சந்தனப் பொட்டு. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் ஊரை விட்டுக் கிளம்பினார்களாம். உள்ளே ஒரே கூச்சல். டிரைவருக்குப் பின்னால் ஜன்னல் ஓரம், காலை நீட்டிக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்து சீட்டில் வைத்திருந்த சாப்பாட்டுப் பையை எடுத்தார்.

"உக்காரு. உனக்குத்தான் புடிச்சு வெச்சேன்."

பஸ் நகர்ந்ததும் பெண்கள் விசில் அடித்தார்கள். எனக்கு விசில் அடிக்கத் தெரியாது. அன்று முயற்சி செய்தேன்.

வாட்ஸ்அப்பில் இரண்டு சங்கமும் பஸ்ஸின் படத்தைப் போட்டிருந்தன. இரண்டிலும் ஒரே வாசகம்: எங்கள் சங்கத்தின் விடாமுயற்சியால். அக்காவிடம் காட்டினேன். "போட்டுக்கட்டும், ரெண்டு பேரும் போட்டுக்கட்டும். சீட்டு என்னுது" என்றார்.

பஸ் இப்போது தினமும் ஊருக்குள் போய் வருகிறது. அக்கா வேலையில் இருக்கிறார். அண்ணன்கள் அதே மேசையில் எதிரெதிரே நிற்கிறார்கள். அந்த இரண்டு ரிஜெக்ட் துண்டுகளும் மேசைக்கு மேல் ஆணியில் தொங்குகின்றன. பணக்காரர் வரி இன்னும் வரவில்லை. அதைப் பற்றிய சண்டை கேன்டீனில் நடந்துகொண்டிருக்கிறது.