சாப்பிட்டாச்சு

எங்கள் ஹோட்டலில் பதினெட்டு மேசைகள். அதில் எட்டை ஒரே ஆள் பார்த்துக்கொள்வார். கையில் பேனாவும் கிடையாது, காகிதமும் கிடையாது. எல்லோரும் அவரை டேப்பண்ணன் என்போம். டேப் ரெக்கார்டரில் இருந்து வந்த பெயர். மேசையில் கேட்டதைச் சமையலறை ஜன்னலுக்கு வந்து வரிசை மாறாமல் ஒப்பிப்பார். "ஆறாம் நம்பர். சூப் மூணு, ஒண்ணுல மிளகு வேண்டாம். ஆம்லெட் ரெண்டு, ஒண்ணு நல்லா முறுகலா. கண்ணாடி போட்டவருக்கு ரொட்டி ஓரம் வெட்டி." ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று அதைக் காதில் வாங்குகிறவள் நான். இருபத்திரண்டு வருஷமாக இங்கே சமையல் மாஸ்டர். பெண்ணாகப் பிறந்துவிட்டதால் மாஸ்டரம்மா.

ஒருமுறை முதலாளி எல்லா சர்வர்களுக்கும் குட்டி நோட்டு வாங்கிக் கொடுத்தார். டேப்பண்ணன் மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போய், ஆட்டம் கண்ட நாலாம் நம்பர் மேசையின் காலுக்குக் கீழே செருகிவிட்டார். இன்றைக்கும் அந்த மேசை அசையாமல் நிற்கிறது.

அப்படிப்பட்டவர் அறுபத்துமூன்றாம் வயதில் தடுமாற ஆரம்பித்தார். முதலில் உப்பில்லாத சூப்பில் தப்பு நடந்தது. ரத்தக்கொதிப்பு உள்ள கணக்கு வாத்தியார் ஒருவர் ஒன்பது வருஷமாக அதைத்தான் குடிக்கிறார். அன்றைக்கு அண்ணன் சாதாரண சூப்பைக் கொண்டுபோய் வைத்துவிட்டார். வாத்தியார் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, இன்றைக்குத்தான் சூப் சூப் மாதிரி இருந்தது என்று என்னைப் பாராட்டி ஆள் அனுப்பினார். நாங்கள் சிரித்தோம். அண்ணன் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் ஜன்னலுக்கு வந்து நின்றார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. எண்ணெய் காய்கிறது, நான் கரண்டியும் கையுமாக நிற்கிறேன், அவர் என் முகத்தையே பார்க்கிறார். பிறகு திரும்பிப் போய், மன்னிப்புக் கேட்டு, மறுபடி ஆர்டர் எடுத்துக்கொண்டு வந்தார். அவருடைய கூடப்பிறந்த அண்ணன் கடைசிக் காலத்தில் தன் பிள்ளைகளையே யாரென்று கேட்டவர். அந்தக் கதையை டேப்பண்ணனே எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்.

முதலாளி கெட்டவர் இல்லை. மூன்று மாதம் பார்ப்போம், சரிவராவிட்டால் வாசலில் நாற்காலி போட்டுத் தருகிறேன், உட்கார்ந்து வருகிறவர்களை வரவேற்றால் போதும், சம்பளம் அப்படியேதான் என்றார். அண்ணனிடம் போய் உட்காரச் சொன்னால்! உட்காருவதற்குப் பதில் வீட்டுக்கே போய்விடுகிறேன் என்று சொல்லிவிட்டார். போனால் அவ்வளவுதான், சுவரைப் பார்த்துக்கொண்டே மீதியையும் மறந்துவிடுவார் என்று எனக்குப் பட்டது.

டாக்டரிடம் அவரைத் தனியாக அனுப்பினால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். அதனால் நானும் போனேன். அச்சகத்தில் புத்தகம் தைக்கிற வேலையில் இருக்கும் அண்ணியும் லீவு போட்டு வந்தார்.

டாக்டரம்மா தேதி கேட்டார், கிழமை கேட்டார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். கொஞ்சம் திணறினாலும் அண்ணன் கரையேறிவிட்டார். பிறகு, நேற்று மதியம் என்ன சாப்பிட்டீர்கள் என்றார். அண்ணன் தரையைப் பார்த்தார். அண்ணி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நேற்று மதியம் ஆறாம் நம்பருக்கு என்ன போயிற்று என்று குறுக்கே கேட்டேன். மடமடவென்று கொட்டினார்: வறுத்த மீன் இரண்டு, பீன்ஸ் ஒன்று, மோர் மூன்று, அதில் ஒன்று ஐஸ் இல்லாமல். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"அது அவங்க சாப்பிட்டது. நீங்க?"

"நான் மறக்கலைங்க டாக்டர். சாப்பிடலை."

அண்ணி என்னைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன்.

"ஹோட்டல்ல சாப்பிடுறாருன்னுல்ல நெனச்சேன்."

"வீட்ல நீங்க கட்டிக் குடுக்குறீங்கன்னு நான் நெனச்சேன் அண்ணி."

தினமும் காலையில் "சாப்டாச்சாண்ணே?" என்று கேட்பேன். "ஆச்சு" என்பார். அதைத் தாண்டி, என்ன சாப்பிட்டீர்கள் என்று இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள் கேட்டதில்லை. ஊருக்கே சமைத்துப் போட்ட எனக்கு அங்கே வெட்கமாகப் போய்விட்டது.

துருவித் துருவிக் கேட்டதில் உண்மை வெளியே வந்தது. ஒரு நாளைக்கு ஒன்பது டீ, நின்றபடியே நனைத்துத் தின்ற பன், ராத்திரி வீட்டில் இரண்டு வாய் ரொட்டி. வெறும் வயிற்றில் டீ குடித்து நெஞ்செரிச்சல். அதற்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை, ஆறு வருஷமாக. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பி பன்னிரண்டு வைட்டமின் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அது குறைந்தால் ஞாபகமும் தடுமாறும், அந்த மாத்திரையை வருஷக்கணக்கில் போட்டால் இருக்கிற சத்தும் சரியாக உடம்பில் சேராது என்றார் டாக்டரம்மா. எல்லா மறதியும் இப்படி ஊசியில் சரியாகிவிடாது, உங்களுக்கும் முழுசாகத் திரும்பும் என்று இப்போதே சத்தியம் பண்ண மாட்டேன், ஊசி போட்டு, ஒழுங்காகச் சாப்பிட்டு, தூங்கி, மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார். மாத்திரையையும் மாற்றிக் கொடுத்தார்.

மறுநாள் முதல், கூட்டம் தொடங்கும் முன், பதினொன்றரை மணிக்கு ஓரத்து மேசை அவருக்கு. வேகவைத்த முட்டை, கீரை, பயறு, சில நாள் மீன், ஒரு கிண்ணம் தயிர். இத்தனை வருஷ சர்வீஸில் இப்படி ஒரு வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோய்ப் பக்கத்து மேசைக்குத் தண்ணீர் ஊற்றுவார். பாதித் தட்டில் மேசையைத் துடைப்பார். கீரையைப் பார்த்து முகத்தைச் சுளிப்பார். கடைசியில் நான் கரண்டியோடு வெளியே வந்து எதிரே உட்கார்ந்துகொண்டேன். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அடுப்பு எரியாது என்று அறிவித்தேன். முதலாளியே வந்து அவரை வேகமாகச் சாப்பிடச் சொல்லிக் கெஞ்சினார். மெதுவாகத்தான் மெல்ல வேண்டும் என்று நான் முதலாளியை விரட்டினேன்.

முதல் மாதம் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. நான் உள்ளுக்குள் பயந்துகொண்டுதான் இருந்தேன். இரண்டாம் மாதம், வயசு என்று நாங்கள் விட்டிருந்த நடைத் தள்ளாட்டம் குறைந்தது. வாத்தியாருக்கு உப்பில்லாத சூப் தவறாமல் போனது. வாத்தியாருக்குத்தான் அதில் வருத்தம்.

மூன்றாம் மாதக் கடைசியில் ஒரு நாள், பதினொன்றே காலுக்கு வேன் ஒன்று வந்து நின்றது. ஏதோ கம்பெனி ஆட்கள், பதினான்கு பேர். மூன்று மேசைகளை இழுத்து ஒன்றாகப் போட்டார்கள். இன்னொரு சர்வர் நோட்டை எடுத்தார். முதலாளி கண்ணால் அவரை நிறுத்திவிட்டு டேப்பண்ணனைப் பார்த்தார். இதுதான் பரீட்சை என்று எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. அண்ணனுக்கும்தான்.

ஜன்னலுக்கு வந்தார். சட்டையின் மேல் பொத்தானைத் தொட்டுக்கொண்டு ஆரம்பித்தார். சூப் அஞ்சு, ஒண்ணு உப்புக் கம்மி. வெங்காயம் இல்லாத ஆம்லெட். மீசைக்காரருக்கு மீன், முள் எடுத்து. நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். பதினான்கும் வந்துவிட்டது. எனக்குக் கண் கலங்கியது, வெங்காயத்தின் மேல் பழி போட்டுக்கொண்டேன்.

ஆனால் அண்ணன் நகரவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், அன்றைக்கு நின்ற மாதிரியே. நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"என்னண்ணே?"

"இன்னும் ஒண்ணு இருக்கு. ஓரத்து மேசை, ஒரு ஆள். முட்டை ரெண்டு, தயிர் ஒண்ணு. கீரை கொஞ்சமா வச்சாப் போதும்."

திரும்பி ஓரத்து மேசையை எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. கடிகாரத்தில் மணி பதினொன்று ஐம்பது.

"யாருக்குண்ணே?"

"எனக்குத்தாம்மா. இன்னும் சாப்பிடலை."

பதினான்கு பேர் வந்த கலவரத்தில் நான்தான் மறந்துபோயிருந்தேன்.