குழாயில் இறங்காத தண்ணீர்

ஜெலுத்தோங்கில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். சிம்பாங் அம்பாட்டில் வீடுகள் கட்டப்போகும் ஒரு நிலத்தில், மழைத்தண்ணீர் எவ்வளவு வேகமாக மண்ணுக்குள் இறங்கும் என்று பார்க்க அனுப்பினார்கள். துளை போடும் அண்ணன் நிலத்தைக் குடைந்து இரும்புக் குழாயை இறக்கினார். நான் அதில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றினேன். அவ்வப்போது அளவு நாடாவை விட்டு, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளக்க வேண்டும்.

தண்ணீர் இறங்கவே இல்லை. வெயில் தாங்காமல் லாரி நிழலில் உட்கார்ந்துவிட்டு வந்து பார்த்தேன். விளிம்புவரை நின்றது. மறுபடி போய் வந்தேன். அப்படியேதான் இருந்தது.

"அண்ணே, கீழே களிமண்ணா?"

"மணல்தாம்மா வந்துச்சு. நீதானே பையில போட்டுக் கட்டின?"

கூடத்தில் சலித்துப் பார்த்தாலும் மணல்தான். முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது.

"லேப்ல மணல், சைட்ல பீங்கானா? நாளைக்குப் போய் மறுபடி செய்லா. குழாய விட்டு நகரக்கூடாது!"

மறுநாள் குழாய்க்குப் பக்கத்திலேயே, கொடி படர்ந்த வேலியை ஒட்டிக் குந்தியிருந்தேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மெல்ல இறங்கத் தொடங்கியது. சந்தோஷத்தில் நாடாவோடு குனிந்தேன். வேலி இடுக்கிலிருந்து ஒரு ரப்பர் குழாய் நீண்டு, என் முகத்தில் தண்ணீரைப் பீய்ச்சியது.

"ஐயோ, நீ அங்கயா இருக்க? தெரியலம்மா!" பக்கத்து வீட்டு அக்காவின் குரல்.

"என்னக்கா செய்றீங்க?"

"தண்ணி குறையுதுல்ல? நேத்தும் நான்தான் ஊத்தி ஊத்தி வச்சேன். பாவம், எத்தன தடவ வந்து வந்து பாக்குறீங்க!"

அண்ணன் சிரித்த சிரிப்பில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கோ சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தண்ணீர் குறைந்தால்தான் எங்களுக்கு வேலை என்று விளக்கினேன்.

"அத முன்னாடியே சொல்லலாம்லா," என்று அக்கா முகத்தைச் சுளித்தார்.

பிறகு பைப்பை மூடிவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து, வேலி இடுக்கு வழியாகப் பார்த்தபடி, "போகுது, போகுது!" என்று நாங்கள் சொல்லும் முன்பே கத்திக்கொண்டிருந்தார். இந்த முறை கணக்கு கூடத்து முடிவோடு ஒத்துப்போனது.

நடந்ததைச் சொன்னதும் முதலாளி கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இத ரிப்போர்ட்ல எப்படி எழுதறது?"

நானே எழுதினேன்: பக்கத்து நிலத்திலிருந்து எதிர்பாராத நீர்வரத்து இருந்ததால், முதல் சோதனை ஏற்கப்படவில்லை.