இரும்பு நுழையாத வேலி

சபத்தினோ வெர்த்தூச்சி ஒரு பயந்த மனிதர். அதை அவர் மறைத்ததும் இல்லை. நியூ காசிலில் தண்டவாளத்தைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்ப்பார். கடந்து முடித்த பிறகும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். சூப்பை ஊதி ஊதி ஆறவைத்துத்தான் குடிப்பார். இப்படிப்பட்டவர் வெடி செய்து குடும்பத்தை வளர்த்தார் என்பது பென்சில்வேனியாவின் அந்த மூலையில் இருந்த எங்கள் இத்தாலியக்காரர்களுக்குத் தீராத வேடிக்கை.

அவருடைய அப்பா நேப்பிள்ஸுக்குக் கிழக்கே ஒரு மலையூரில் வாணக்காரர். ஒரு ஜூன் மாதக் காலையில் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே கொட்டகையில் வெடிமருந்து கலந்துகொண்டிருந்தார்கள். சபத்தினோவுக்கு அப்போது பதினொரு வயது, கிணற்றடியில் நின்றிருந்தார். சத்தம் எதுவும் கேட்கவில்லை என்றே கடைசிவரை சொன்னார். காற்று வந்து தள்ளியது மட்டும் நினைவிருந்ததாம். எழுந்து பார்த்தபோது கொட்டகை இருந்த இடம் வெறும் தரையாக இருந்தது.

1908இல் கப்பலேறியபோது இனி மருந்தைத் தொடுவதில்லை என்று அம்மாவிடம் சத்தியம் செய்திருந்தார். நான்கு வருஷம் தகர ஆலையில் வேலை. சத்தியம் கரைந்தது அங்கேதான். பழுக்கக் காய்ந்த தகட்டை ஒருவன் இடுக்கியால் இழுத்து வீச, அடுத்தவன் பிடிக்கவேண்டும். வீசுகிறவன் முந்தின நாள் குடித்திருந்தால் பிடிக்கிறவனுக்குக் கால் போகும். அப்படி இரண்டு பேருக்குப் போனதைப் பார்த்தபிறகு ஒரு நாள் மனைவி எர்மெலிண்டாவிடம் சொன்னார்:

"அங்க எவனோ தூங்கி விழுந்தா நான் சாகணும். மருந்துல அப்படி இல்ல. நான் தப்பு பண்ணாத்தான் நான் சாவேன்."

"இதுல எது உனக்கு நிம்மதியா இருக்கு?" என்று கேட்டாள் அவள்.

"நான் தப்பு பண்ண மாட்டேன்."

அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் அவர்களுடைய தொழில் நின்றது. நகரத்தை ஒட்டிய சுண்ணாம்புக்கல் மேட்டில் யாரும் வேண்டாம் என்று விட்ட ஒரு சரிவை வாடகைக்கு எடுத்தார்கள். சமையல் மேஜையில் எர்மெலிண்டா காகிதக் குழாய் சுருட்டினாள். ஒரு மாதா திருவிழா, இரண்டு கல்யாணம் என்று ஆரம்பித்தது. இருபது வருஷத்தில் ஒன்பது கொட்டகை ஆனது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நாற்பது தப்படி. ஒரு கொட்டகையில் ஒரே ரத்தத்தில் இரண்டு பேர் இருக்கக்கூடாது. கலவைக் கொட்டகையில் எந்த ரத்தமாக இருந்தாலும் ஒருவர்தான். வளாகத்துக்குள் யாரும் ஓடக்கூடாது, உரக்கக் கூப்பிடக்கூடாது. திடுக்கிட்ட கை என்ன செய்யும் என்று அந்தக் கைக்கே தெரியாது என்பார்.

எல்லாவற்றுக்கும் மேலே, இரும்பு உள்ளே வரக்கூடாது. ஓர் உரசல் போதும், ஒரு பொறி போதும். வேலிகூட மரமுளை அடித்த மரவேலி. உள்ளே உள்ள கருவிகள் செம்பு, மரம், குதிரைமயிர்ச் சல்லடை. வாசலில் ஒரு மரப்பெட்டியை வைத்துக்கொண்டு காலையில் அவரே நிற்பார். சாவி, பேனாக்கத்தி, பெல்ட்டு, கொண்டை ஊசி, ஆணி அடித்த செருப்பு எல்லாம் அதில் விழவேண்டும். காகிதம் ஒட்ட வரும் பெண்கள் கேலி செய்யாமல் விடமாட்டார்கள்.

"சபத்தினோ அண்ணே, பல்லுல ஏதோ அடைச்சு விட்டிருக்கான் டாக்டர். அதையும் கழட்டிப் போட்டுடவா?"

"வாயத் திறக்காம இருந்தா போதும் தாயே. உள்ள போ."

ஒரே ஓர் உடுப்பை மட்டும் அவர் சோதித்ததில்லை. கலவைக் கொட்டகையில் போடும் சட்டை. பருத்தித் துணி, பை கிடையாது, பொத்தானுக்குப் பதில் நாடா. எர்மெலிண்டாவே தைத்து, எர்மெலிண்டாவே துவைத்து, கொட்டகை வாசல் மரமுளையில் மாட்டுவாள். பெண்டாட்டி கையிலிருந்து வரும் சட்டையை யார் தடவிப் பார்ப்பார்கள்?

1934 ஆகஸ்டு. புனித ரோக்கோ திருவிழாவுக்குப் பத்து நாள் இருந்தது. புனிதரின் சுரூபத்தைக் கோயிலிலிருந்து எடுக்கும்போது வானதிர வெடிக்கவேண்டும். எத்தனை வெடித்தது என்று எங்கள் ஆட்கள் வருஷம் முழுக்கப் பேசுவார்கள். அந்தப் பேரிடிக் குண்டுக்குப் போடும் வெள்ளை மருந்தைச் சலிப்பது மகன் நுன்ஸியோ. இருபத்துநாலு வயது. அப்பாவும் மகனும் மூன்று வாரமாகப் பேச்சு இல்லை. நாற்பது குண்டுக்கு மேல் கூடாது என்றார் அப்பா. மருந்தோடு இருக்கும் நேரம் குறையவேண்டும் என்பது அவர் கணக்கு. அறுபது போடவேண்டும் என்றான் மகன். அதற்குப் பிறகு "உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு", "உன் புள்ளகிட்ட சொல்லு" என்று எல்லாம் எர்மெலிண்டா வழியாகத்தான்.

அன்று பதினொரு மணி இருக்கும். மேற்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் ஒட்டுக் கொட்டகையில் குண்டுகளுக்குக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"திருவிழா முடியற வரைக்கும் எனக்கு சோறு தண்ணி இறங்காது" என்றார் சபத்தினோ.

"பயப்படாத. நான் ஏற்கெனவே ஏற்பாடு பண்ணிட்டேன்."

"என்ன ஏற்பாடு?"

"கார்மெலா வந்தாளே அன்னிக்கு. நம்ம பையன் கையப் பாத்து, 'எருது மாதிரி வளந்துட்டான்'னா. கடவுள் காக்கட்டும்னு ஒரு வார்த்தை சேத்தாளா? சேக்கல. அவளே புள்ளைய இந்த மருந்துக்குப் பறிகொடுத்தவ. அவ கண்ணு பட்டுடும்னு பயந்துட்டேன். அதான் ஒரு லாட ஆணி எடுத்து, அவன் சட்டைக் காலர்ல வச்சுத் தச்சேன்."

சபத்தினோ பசைத் தூரிகையைக் கீழே வைத்தார். "எந்தச் சட்ட?"

"கலவைச் சட்டதான். வேற எதுல வச்சு என்ன பிரயோஜனம்? ஆபத்து அங்கதானே."

கண் படாமல் காக்க இரும்பு என்பது அவர்கள் ஊரில் பால்குடி மறக்காத குழந்தைக்கும் தெரியும். அவருடைய தொட்டிலிலும் ஆணி கட்டியிருந்தார்கள்.

"எர்மெலிண்டா, இரும்பு உள்ள வரக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"அது வேலை செய்யற இரும்பு. இது காக்கற இரும்பு." சொல்லும்போதே அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் முகமும் மாறத் தொடங்கியது.

"எழுந்திருக்காத. கத்தாத" என்றார். வெளியே வந்தார்.

ஓடக்கூடாது என்று சட்டம் போட்டவர் அவர்தான். நாற்பது தப்படியையும் நடந்தார். சல்லடைச் சத்தம் கேட்டது. சர்ர், சர்ர் என்று ஒரே சீராக. அந்தச் சத்தம் இருக்கும்வரை அவன் இருக்கிறான். காலர் நூலைப் பற்றியே மனம் ஓடியது. சாம்பல்காரச் சோப்பில் எத்தனை தரம் துவைத்திருப்பாள்? வேர்வை, துரு, இரண்டும் நூலைத் தின்னும். நுன்ஸியோ சலிக்கும்போது முன்னால் குனிவான். காலருக்கு நேர் கீழே சல்லடை. ஆணி விழுந்தால் தூளோடு தூளாகத் தேய்பட்டு... அதற்கு மேல் நினைக்க அவரால் முடியவில்லை. கால் மட்டும் நடந்தது.

கதவு திறந்திருந்தது. படி தாண்டி அவர் போகக்கூடாது. இரண்டு ஆள் உள்ளே இருக்கும் கொட்டகையை அவர் ஏற்கெனவே பார்த்தவர். மகனுடைய முதுகு தெரிந்தது. பின்கழுத்தில் காலர் லேசாகப் புடைத்திருந்தது.

"நுன்ஸியோ."

சல்லடை நிற்கவில்லை. "அம்மாகிட்ட சொல்லி அனுப்புங்க. நாமதான் பேசிக்கறதில்லையே."

கெஞ்சவேண்டும் போலிருந்தது. ஆனால் பிறந்ததிலிருந்து அவர் அவனிடம் கெஞ்சியதே இல்லை. குரல் தணிந்தால் என்னவோ ஏதோ என்று வெடுக்கென்று திரும்புவான். வழக்கம்போல் திட்டுவதுதான் பத்திரம்.

"பேசறதுக்கு நீ என்ன பெரிய துரையா? வெளிய வா."

"கையில மருந்து. பாதிதான் சலிச்சிருக்கு. மத்தியானம் வரேன்."

"இப்ப வா."

"எதுக்கு? நாப்பதுக்கு மேல ஒண்ணு கூடாதுன்னு பழைய பாட்டக் கேக்கவா? ஆத்துக்கு அக்கரைக்காரங்க போன வருஷம் அம்பது போட்டாங்க. நம்ம நாப்பதக் கேட்டுட்டுப் பாதிரியாரே 'அவ்வளவுதானா'ன்னாரு." அவன் சிரித்தான். தோள் குலுங்கியது. காலரும் குலுங்கியது.

"அறுபது போட்டுக்கோ" என்றார் சபத்தினோ.

சல்லடை நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"அறுபது. திரும்பாத. மொதல்ல சல்லடைய ஒழுங்கா கீழ வை. அப்புறம் வெளிய வந்து என் மூஞ்சியப் பாத்துப் பேசு. முதுகோட நான் பேரம் பேசறதில்ல."

நுன்ஸியோ சல்லடையைக் காகிதத்தின் மேல் வைத்தான். கைத்தூளைத் தட்டினான். இந்தத் தட்டலுக்கு இப்போது என்ன அவசியம் என்று அவருக்குள் ஒன்று அலறியது. மூன்று எட்டு வைத்தான். படி தாண்டினான். அவன் தோளைப் பிடித்து, சுவரைவிட்டுப் பத்துப் பன்னிரண்டு தப்படி இழுத்துக்கொண்டு வந்தபிறகுதான் அவர் சட்டை நாடாவில் கை வைத்தார்.

"என்னப்பா இது? அறுபதுக்கு என் சட்டையையும் சேத்தா கேக்கறீங்க?"

அவர் சட்டையை உருவி, காலரைத் திருப்பிக் காட்டினார். துருக்கறை. ஆணியின் முனை துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது.

நுன்ஸியோ அப்படியே புல்லில் உட்கார்ந்தான். அதற்குள் எர்மெலிண்டாவும் வந்துவிட்டாள். அவளும் ஓடவில்லை, நடந்துதான் வந்தாள்.

"எத்தன நாளாம்மா?"

"ஒம்போது."

"ஒம்போது நாளும் இத மாட்டிக்கிட்டா சலிச்சேன்?"

"ஒம்போது நாளும் உனக்கு ஒண்ணும் ஆகலையே" என்றாள் அவள். வாதம் செய்யும் குரல் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு நிற்பவளின் குரல்.

மேற்கே லேசாக இடித்தது. மூன்று பேரும் கொட்டகையைப் பார்த்தார்கள். பாதி சலித்த மருந்து திறந்து கிடந்தது. மின்னல் கிட்ட வருவதற்குள் அதை அள்ளி ஜாடியில் மூடியாகவேண்டும்.

"நான் போறேன்" என்று சபத்தினோ கிளம்பினார். கை வெடவெடவென்று ஆடியது. ஒரு கையால் மறு கையைப் பிடித்தார். இரண்டும் ஆடின.

நுன்ஸியோ அந்தக் கைகளையே பார்த்தான். "இந்தக் கைய வச்சுக்கிட்டா?" என்றான். எழுந்து, தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, வெற்று உடம்போடு திரும்ப உள்ளே போனான்.

அவர்கள் இருவரும் வெடித்தால் தடுப்பதற்காகப் போட்டிருந்த மண்மேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். தூள் அள்ளுவதில் சத்தமே இல்லை. சல்லடையாவது சொல்லும், இது ஒன்றும் சொல்லாது.

"இப்ப அவன் மேல ஒண்ணுமே இல்ல, சபத்தி" என்றாள் எர்மெலிண்டா.

அவன் மேல் ஒன்றும் இல்லாததுதான் காவல் என்று இருபது வருஷமாக ஊருக்கே சொன்னவர் அவர். அவள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்திருந்தாள், அவர் விடுவித்துக்கொள்ளவில்லை.

முதல் தூறல் விழுந்தபோது நுன்ஸியோ வெளியே வந்தான். "மூடியாச்சு. மிச்சம் வெயில் வந்தப்புறம்." பக்கத்தில் உட்கார்ந்தான். அப்பாவைப் பார்க்காமல் சொன்னான்: "அந்த அறுபது... என்ன வெளிய இழுக்கத்தானே சொன்னீங்க. விடுங்க. நாப்பதே இருக்கட்டும்."

சரி என்ற சொல் சபத்தினோவின் தொண்டைவரை வந்தது. அறுபது என்றால் அவன் இன்னும் நான்கு நாள் கூடுதலாக அந்தச் சல்லடையோடு இருக்கவேண்டும். நாற்பது என்றால் நாளை மறுநாள் முடிந்துவிடும். ஆனால் இன்னொரு நாள் வரும். இன்னொரு வாசலில் நின்று, காரணம் சொல்லாமல் வெளியே வா என்று அவர் கூப்பிடுவார். அன்றைக்கு, அப்பா எதையாவது சொல்லிவிட்டுப் பிறகு மாற்றிப் பேசுவார் என்று இவன் அரை நிமிஷம் யோசித்தால்?

"அறுபதுதான்" என்றார். "வாசல்ல நின்னு நான் சொன்னா அது சொன்னதுதான்."

மறுநாள் காலை எர்மெலிண்டா காலரே இல்லாத சட்டை ஒன்றைத் தைத்துக்கொண்டு வந்தாள். வேலி வாசலில் அதைச் சபத்தினோவிடம் நீட்டினாள். அவர் ஒவ்வொரு தையலாக விரலால் தடவிப் பார்த்தார். அவள் கோபப்படவில்லை. "இன்னொரு தரம் பாரு" என்றாள். மறுபடியும் பார்த்தார்.

நான்கு கூடுதல் நாளும் கொட்டகைக்கு நாற்பது தப்படி தள்ளி ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து காகிதம் ஒட்டினார். சல்லடைச் சத்தம் நின்றபோதெல்லாம் அவர் தூரிகையும் நின்றது.